ஜனவரிக்குப் பிறகான கோப்புகள்

மே 27, திங்கள்

இன்று டாக்டரிடம் சொல்லாதது: குமரவேலின் கணக்கைக் கணினியிலிருந்து நீக்கியது நான்தான்.

சொல்ல இடம் இருந்தது. காலை பத்தேகாலுக்கு டாக்டர் விசாலாட்சி மேப்பிங் அறையில் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். "சனிக்கிழமை வரைக்கும் ஓடிட்டுத்தான இருந்துச்சு?" என்றார். "ஆமாங்க மேடம்" என்றேன். "சௌந்தர் வந்துட்டுப் போனானா?" என்றார். சௌந்தர் எங்களுக்குக் கணினி பழுது பார்க்கிறவர். சனிக்கிழமை காலை பிரின்டருக்காக வந்திருந்தார். "வந்தாருங்க" என்றேன். இரண்டும் உண்மை. "அவன் வந்துட்டுப் போனா ஒண்ணு நல்லாகும், ரெண்டு கெட்டுப்போகும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் நோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டார்.

நடந்ததை இங்கேயாவது ஒழுங்காக எழுதுகிறேன். பிறவியிலேயே காது கேளாத பிள்ளைகளுக்குக் கோயம்புத்தூரில் அறுவை செய்து உள்ளே காக்ளியர் கருவி வைக்கிறார்கள். வெளியே, காதுக்குப் பின்னால் மாட்டும் கருவிக்கு ஒலி அளவு வைப்பது கோபியில் எங்கள் கிளினிக்கின் வேலை. அந்த அளவுகளுக்கு மேப் என்று பெயர். பிள்ளைக்கு ஒரு கோப்பு. நான்கு வருடம் இதைச் செய்தவர் குமரவேல். நான் அவருக்கு உதவி.

கணினியில் ஒரே ஒரு கணக்குதான் இருந்தது, அவர் பெயரில். பாஸ்வேர்டு எழுதிய தாள் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும். ரிசப்ஷன் ஜீவாக்கா பில் அடிப்பதும், டாக்டர் ஸ்கேன் பார்ப்பதும், நான் அறிக்கை தயாரிப்பதும் குமரவேலாகத்தான். மார்ச்சில் அவர் பெங்களூருக்கு வேலை மாறிப் போன பிறகும் இரண்டு மாதம் நாங்கள் மூன்று பேரும் குமரவேலாகவே இருந்தோம். நான் செய்த பரிசோதனைகளின் அடியிலும் 'தயாரித்தவர்' என்று அவர் பெயர் அச்சாகிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மாலை என் பெயரில் ஒரு கணக்கு தொடங்கினேன், அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு. பிறகு அவருடையதை நீக்கினேன். டிஸ்க்கில் இடம் குறைவாக இருந்தது. கோப்புகளை வைத்துக்கொள்ளவா, அழிக்கவா என்று விண்டோஸ் கேட்டது. வைத்துக்கொள் என்றுதான் சொன்னேன்.

இன்று காலை மேப்பிங் மென்பொருள் திறக்கவில்லை. ரெஜிஸ்ட்ரியைப் படிக்க அனுமதி இல்லை, உங்கள் அட்மினிஸ்ட்ரேட்டரை அணுகவும் என்றது. அட்மினிஸ்ட்ரேட்டர் நான்தான்.

அம்மா கேஸ் புக் பண்ணச் சொல்லியிருந்தாள். மறந்துவிட்டேன்.

மே 28, செவ்வாய்

கொளப்பலூரிலிருந்து கோகிலவாணி மகள் மிருதுளாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மிருதுளாவுக்கு நாலரை வயது. போன வருடம் அறுவை முடிந்து, ஆகஸ்டில் முதல் மேப் போட்டது. கோகிலவாணியின் கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே அரிசி, அரிசிக்குள் கருவி.

"எருமைக்குக் கழனித்தண்ணி ஊத்தப் போனனுங்க. இவளும் பின்னாலயே வந்து தொட்டிய எட்டிப் பாத்திருக்கறா. உளுந்துருச்சுங்க. நான் பாக்கறதுக்குள்ள எருமை மூஞ்சிய உள்ள உட்டுருச்சு."

"அரிசில எத்தன நாள் வெச்சீங்க?" என்று ஜீவாக்கா கேட்டாள்.

"மூணு நாளுங்க. அரிசிதான் வீணாப் போச்சு."

டாக்டர் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். உள்ளே பச்சை பூத்திருந்தது. கம்பெனிக்கு அங்கேயே போன் செய்து பேசினார். வாரண்டியில் புதியது தருகிறார்கள். அடுத்த வியாழக்கிழமை, ஆறாம் தேதி, சென்னையிலிருந்து வந்துவிடும்.

"பயப்படாதீங்க. இவ மேப்பு எங்க கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்குது. புது மெஷின்ல ஏத்தி உட்டா அஞ்சு நிமிஷ வேலை. என்ன கௌசல்யா?"

"ஆமாங்க மேடம்."

"பத்தாந்தேதி பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லியிருக்கறாங்க" என்றாள் கோகிலவாணி. "பேரு கேப்பாங்களாம். சொல்லிட்டா யூகேஜி. இல்லீன்னா எல்கேஜியிலயே மறுக்கா உக்காரணுமுங்க. போன மாசம் டீச்சர் கேட்டப்ப மிருன்னு சொல்லிட்டா. முழுசா வல்ல, ஆனா சொல்லிட்டா."

மிருதுளா இதெல்லாம் பேசும்போது என் மேசையில் விளையாட்டுக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டதும் ஒன்றை டப்பாவில் போடச் சொல்லிச் சோதிக்க வைத்திருக்கும் கட்டைகள். நடுவில் ஒருமுறை, கருவியின் காந்தம் ஒட்டும் இடத்தைத் தலையில் உள்ளங்கையால் தட்டினாள். டிவி வராவிட்டால் நாம் தட்டுவோமே, அந்த மாதிரி.

மற்ற பிள்ளைகளுக்குப் பிரச்சினை இல்லை. அவர்கள் மாட்டியிருக்கும் கருவிக்குள்ளேயே அவர்கள் மேப் இருக்கிறது. வரும்போது திருப்பி எடுத்துக்கொள்ளலாம். மிருதுளாவின் மேப் இரண்டே இடத்தில் இருந்தது. ஒன்று தொட்டியில் விழுந்தது.

மே 29, புதன்

சௌந்தர் வந்தார். டாக்டர் கதவைக்கூடச் சாத்தாமல் பேசினார்.

"மேடம், நான் பிரின்டர் கேபிள் மாத்துனதோட சரிங்க."

"கேபிள் மாத்துனதுக்கு எதுக்கு கம்ப்யூட்டர் நீ யாரு நீ யாருன்னு கேக்குது?"

சௌந்தர் உட்கார்ந்து ஐந்து நிமிடம் தட்டிப் பார்த்தார். "ஃபார்மட் அடிச்சுட்டாப் பளிச்சுனு ஆயிருமுங்க. டிஸ்க்குல பாதிக்கு மேல காலியாத்தான் கெடக்குது. வேணுங்கற ஃபைல அந்தப் பக்கம் தள்ளிட்டு இந்தப் பக்கம் அடிச்சரலாம்."

எல்லா நோய்க்கும் அவரிடம் இந்த ஒரு மருந்துதான். ஆனால் திறக்க முடியாத கோப்பை எந்தப் பக்கம் தள்ளுவது? சனிக்கிழமை வரை பொறுங்கள், நான் பார்க்கிறேன் என்றேன். டாக்டர் என்னைச் சந்தோஷமாகப் பார்த்தார். பொறுப்புள்ள பெண் என்று நினைத்திருப்பார்.

வெளியே வண்டியை எடுக்கும்போது சௌந்தர் சொன்னார்: "கௌசல்யாம்மிணி, நான் ஒண்ணும் பண்ணலீங்க."

"தெரியுங்க."

"தெரியும்னு என்கிட்டச் சொல்றீங்க. மேடத்துகிட்டச் சொல்லலாமுல்ல?"

வண்டி கிளம்பிய பிறகும் அங்கேயே நின்றிருந்தேன்.

மே 30, வியாழன்

ஜீவாக்கா கல்யாணப் பத்திரிகையை நோட்டீஸ் போர்டில் குத்தினாள். சனிக்கிழமை மத்தியானத் தபாலில் வந்தது. உறையைப் பிரித்தது நான். குமரவேல், ஜூன் பதினாறு, காங்கயத்தில் மண்டபம். மேலே 'டாக்டர் மற்றும் ஊழியர்கள்' என்று எழுதியிருந்தார். அவர் கையெழுத்துதான்.

"நாமெல்லாம் 'மற்றும்'டி கௌசி" என்றாள் ஜீவாக்கா.

சிரித்தேன். கேஸ் புக் செய்தேன்.

மே 31, வெள்ளி

ஒரு கதவு திறந்தது.

ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸ் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் பதிவேடு. எந்த மென்பொருள் எங்கே இருக்கிறது, அதை யார் தொடலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். கிளை கிளையாகப் பிரிந்து போகிறது. மேப்பிங் மென்பொருளின் கிளையைக் கண்டுபிடித்து, முதலில் திறக்க முடிகிற பகுதிக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அனுமதிப் பட்டியலைத் திறந்தேன். யாரும் கைவைத்து அமைப்பை மாற்றிவிடக் கூடாது என்று குமரவேல் மற்ற எல்லாரையும் எடுத்துவிட்டுத் தன்னை மட்டும் விட்டிருக்கிறார். ஆனால் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அந்த இடத்தில் எஸ் என்று தொடங்கும் ஒரு நீண்ட எண். பக்கத்தில் 'அறியப்படாத கணக்கு'.

விண்டோஸ் மனிதர்களைப் பெயரால் அறிவதில்லை. கணக்குத் தொடங்கும்போதே ஒரு எண் கொடுத்துவிடுகிறது. பெயர் நமக்காக மேலே ஒட்டிய சீட்டு. நான் சீட்டைக் கிழித்திருக்கிறேன், அவ்வளவுதான். எண் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் சொந்தக்காரராக.

எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். முதலில் நான் செய்தது, குமரவேல் என்று அதே பெயரில், அதே பாஸ்வேர்டில் மறுபடியும் ஒரு கணக்கு உண்டாக்கியது. அது வந்து நின்றது, அதே பெயரோடு. உள்ளே போய்ப் பார்த்தால் வேறு எண். எதுவும் திறக்கவில்லை. அதையும் நீக்கினேன். 

பிறகு ஒழுங்கான வழிக்கு வந்தேன். அட்மினிஸ்ட்ரேட்டரால், அனுமதி இல்லாத இடத்தையும் தன் உரிமையாக்கிக்கொள்ள முடியும். கிளையின் உரிமையாளரை என் பெயருக்கு மாற்றி, உட்கிளைகளுக்கும் அதையே பரப்பி, எனக்கு முழு அனுமதி கொடுத்து, கணினியை அணைத்துப் போட்டேன். மென்பொருள் திறந்தது. பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் வரிசையாக வந்தது. நாற்பத்தொரு பேர். மிருதுளாவைத் தொட்டேன். கோப்பைத் திறக்க அனுமதி இல்லை.

பட்டியல் வந்ததையே டாக்டர் பெரிதாகப் பாராட்டினார். ஜீவாக்காவிடம் டீ சொல்லச் சொன்னார்.

ஜூன் 1, சனி

காலையில் அம்மாவோடு ரேஷன் கடை. மெஷின் அம்மாவின் விரலை ஏற்கவில்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை போய்விட்டது. பதினைந்து வருடமாக அரிசி போடுகிற கடைக்காரர், அம்மாவை நன்றாகத் தெரிந்தவர், "மெஷினு ஒத்துக்கணுமுங்கக்கா" என்றார். நான் விரல் வைத்தேன். அரிசி வந்தது.

கிளினிக்கில், கோப்புகள் இருக்கும் ஃபோல்டருக்கும் அதே வைத்தியம். உரிமையாளர் மாற்றம், உள்ளே இருப்பவை அனைத்துக்கும் பரப்பு, முழு அனுமதி. பச்சைப் பட்டை மெதுவாக நகர்ந்து முடிந்தது. திறந்து பார்த்தேன். போன வருடக் கோப்புகள் எல்லாம் திறக்கின்றன. மிருதுளாவின் டிசம்பர் மேப் திறக்கிறது.

ஜனவரியிலிருந்து ஒன்றும் திறக்கவில்லை. உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. முழு அனுமதி என்று டிக் இருக்கிறது. அப்படியும் அனுமதி இல்லை என்கிறது. அந்தக் கோப்புகளின் பெயர்கள் மட்டும் பச்சை நிறத்தில் இருக்கின்றன.

சௌந்தர் ஃபார்மட் செய்ய வந்து வாசலில் நின்றார். இன்னும் இரண்டு நாள் என்று திருப்பி அனுப்பினேன்.

ஜூன் 2, ஞாயிறு

போர்வைகள் துவைத்தேன். படித்துக்கொண்டிருந்த நாவலில் நான்கு நாளாக அதே பக்கம். ஒரு பெண் கடிதத்தைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருக்கிறாள். இன்றும் பிரிக்கவில்லை.

ஜூன் 3, திங்கள்

பச்சை என்றால் பூட்டு. அனுமதி வேறு, பூட்டு வேறு என்று இன்றுதான் புரிந்தது. அனுமதி என்பது வாசலில் நிற்கிற காவலர். அட்மினிஸ்ட்ரேட்டர் சொன்னால் விலகிக்கொள்வார். பூட்டு கோப்பின் எழுத்துகளையே கலைத்து வைக்கிறது. சாவி இல்லாமல் யார் வந்தாலும் வெறும் குப்பைதான்.

ஜனவரியில் கம்பெனியிலிருந்து, பிள்ளைகளின் விவரங்களைப் பாதுகாக்க வேண்டும் என்று ஒரு கடிதம் வந்தது. குமரவேல் அந்த ஃபோல்டரில், இனி வரும் கோப்புகளுக்கு மட்டும் என்று, ஒரு கட்டத்தை டிக் செய்தார். நான் பக்கத்து நாற்காலியில் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், நினைவிருக்கிறது. "இனி யாராலயும் திருட முடியாது" என்றார்.

சாவி அவருடைய கணக்குக்குள் இருந்தது. கணக்கோடு போயிற்று. அவர் வேறெங்காவது ஒரு நகல் எடுத்து வைத்திருந்தால் உண்டு.

அவரைக் கேட்க வேண்டும்.

ஜூன் 4, செவ்வாய்

கேட்கவில்லை.

ஜூன் 5, புதன்

மத்தியானம் கிளினிக் மாடிக்குப் போய்க் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். பின்னால் ஆட்டோக்களின் சத்தம்.

"சொல்லுங்க கௌசல்யா."

விஷயத்தை வரிசையாகச் சொன்னேன். எருமை, தொட்டி, நாளைக்கு வரும் கருவி, பச்சைக் கோப்புகள். நடுவில் குறுக்கிடவில்லை. முடித்ததும் கேட்டார்: "என் அக்கவுன்ட்ட யாரு டெலிட் பண்ணுனது?"

"நான்தாங்க."

"எதுக்கு?"

"டிஸ்க்ல இடம் பத்தல."

"ஓ" என்றார். பிறகு "எப்ப?" என்றார்.

"போன மாசம் இருபத்தஞ்சு. சனிக்கிழமை."

"பத்திரிக எப்ப வந்துச்சு?"

"சாவி எதாச்சும் நகல் எடுத்து வெச்சிருக்கீங்களான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்" என்றேன்.

அவர் மூச்சு விடுவது கேட்டது. "இல்ல கௌசல்யா. கீழ மூலைல பலூன் மாதிரி ஒண்ணு வரும். சாவிய பேக்கப் எடுத்துக்கோன்னு. டெய்லி வந்துச்சு. அப்பறம் பாத்துக்கலாம்னு குளோஸ் பண்ணிட்டே இருந்தேன்."

"தினமுமா?"

"ரெண்டரை மாசம். நீயும் பக்கத்துலதான இருந்த." நிறுத்தி, "இருந்தீங்க" என்றார்.

மிருதுளாவின் அளவுகள் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். காதுக்குள் வைத்த கருவியில் இருபத்திரண்டு மின்முனை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண், யாருக்கு ஞாபகம் இருக்கும் என்றார். "டிசம்பர் மேப்ல இருந்து ஆரம்பிங்க. அது அவளுக்கு இப்ப ரொம்பச் சன்னமா இருக்கும். ரெண்டு ரெண்டாத்தான் ஏத்தணும், அவசரப்படாதீங்க. ஒருக்கா வலிச்சுதுன்னா மெஷினையே தொட மாட்டா. கையப் பாக்காதீங்க, கண்ணப் பாருங்க. கட்டைய நம்மளச் சந்தோஷப்படுத்தறதுக்காகவும் போட்டுருவா."

"சரிங்க."

"கல்யாணத்துக்கு வாங்க."

"பாக்கறேங்க."

மாடியிலிருந்து இறங்கும்போது ஜீவாக்கா படிக்கட்டில் நின்றிருந்தாள். யாரிடம் பேசினேன் என்று கேட்கவில்லை. "சாப்பிட்டியா?" என்றாள்.

ஜூன் 6, வியாழன்

கூரியர் பத்து மணிக்கு வந்தது. கோகிலவாணி எட்டரைக்கே வந்து உட்கார்ந்திருந்தாள். மிருதுளாவுக்குப் புதுப் பாவாடை, தலையில் கனகாம்பரம்.

டாக்டர் பெட்டியைப் பிரித்து, கருவியை என் கையில் கொடுத்து, "ஏத்திரு" என்றார்.

அப்போது சொன்னேன். முன்கூட்டித் தனியாகச் சொல்லியிருக்கலாம், பத்து நாள் இருந்தது. கோகிலவாணிக்கு முன்னால்தான் வாய் வந்தது. கணக்கை நான் நீக்கினேன், சௌந்தர் ஒன்றும் செய்யவில்லை, ஜனவரிக்குப் பிறகான மேப் எதுவும் இனித் திறக்காது, குமரவேலிடமும் சாவி இல்லை.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அவனை எத்தன பேச்சுப் பேசுனேன். நீ பக்கத்துலதான நின்ன?"

"ஆமாங்க மேடம்."

"எதுக்கு அழிச்ச அதை?"

கையிலிருந்த கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். டாக்டர் நோட்டீஸ் போர்டு இருக்கும் திசையில் ஒருமுறை பார்த்தார் என்று நினைக்கிறேன். அப்படி இல்லாமலும் இருக்கலாம். திரும்பவும் கேட்கவில்லை.

கோகிலவாணிதான் பேசினாள். "ஏனுங்க, எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் கதையெல்லாம் வேண்டாங்க. புள்ளைக்குக் கேக்குமா கேக்காதா? அதச் சொல்லுங்க."

"கேக்கும். பழைய மாதிரி கேக்கக் கொஞ்ச நாள் ஆகும்."

"எத்தன நாளு?"

"தெரியலீங்க. அஞ்சாறு வாரம்."

"திங்கக்கிழமை பள்ளிக்கூடமுங்க."

மிருதுளா என் கையிலிருந்த கருவியைப் பார்த்துக் காதைக் காட்டி நின்றாள்.

டிசம்பர் மேப்பை ஏற்றினேன். மாட்டியதும் அவள் முகம் மலர்ந்தது. கோகிலவாணி "மிருது" என்றாள். திரும்பவில்லை. இரண்டு முறை தலையைத் தட்டினாள், பிறகு கழற்றி என்னிடமே நீட்டினாள், கடையில் ஓடாத பொம்மையைத் திருப்பிக் கொடுப்பது போல. மறுபடி மாட்டி, ஒவ்வொரு மின்முனையாக இரண்டு அளவு ஏற்றினேன். கட்டைகளை டப்பாவில் போட்டாள். நான் கண்ணைப் பார்த்தேன். பதினொன்றாவதில்தான் முதல் முறையாகக் கண் மாறியது. மற்றதெல்லாம் என்னைச் சந்தோஷப்படுத்தப் போட்ட கட்டைகள்.

இன்றைக்கு இவ்வளவு போதும், சனிக்கிழமை வாருங்கள் என்றேன். கோகிலவாணி வாசல்வரை போய்த் திரும்பி, "சனிக்கிழமை ஏத்துனா திங்கக்கிழமைக்குப் பேரு கேக்குமுங்களா?" என்றாள்.

"முயற்சி பண்றேங்க."

ஜூன் 7, வெள்ளி

காலையில் டாக்டர் சௌந்தருக்குப் போன் செய்தார். என்ன பேசினார் என்று தெரியவில்லை. மத்தியானம் சௌந்தரே வந்து, அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருள் ஒன்றை ஓடவிட்டு, மூன்று மணி நேரம் காத்திருந்தார். சாவி வரவில்லை. அந்த இடத்தின் மேல் வேறு எதுவோ எழுதப்பட்டுவிட்டது. போன வெள்ளிக்கிழமை நான் உண்டாக்கிய போலிக் குமரவேலாக இருக்கலாம், சொல்ல முடியாது என்றார்.

மன்னிப்புக் கேட்டேன்.

"உடுங்க அம்மிணி. அடுத்த தடவ நான் எதாச்சும் ஒடச்சா உங்க பேரச் சொல்லிக்கறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் போய்விட்டார்.

ஜூன் 8, சனி

அவசரப்படாதீங்க என்றார் அல்லவா.

முதல் பதினான்கு மின்முனைகளை இரண்டிரண்டாகத்தான் ஏற்றினேன். நன்றாகப் போயிற்று. மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. கோகிலவாணி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பதினைந்தாவது மின்முனையில் ஆறு ஏற்றினேன்.

மிருதுளா கத்தினாள். கருவியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மேசைக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கோகிலவாணி குனிந்து கூப்பிட்டாள், நான் கூப்பிட்டேன். கருவி வெளியே கிடக்கிறது, எங்கள் யார் குரலும் அவளுக்குக் கேட்காது என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. நானும் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்து ஒரு கட்டையை என் மடியில் போட்டாள்.

கருவியைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

ஜூன் 10, திங்கள்

கோகிலவாணி போன் செய்தாள். பெயர் கேட்டார்களாம். மெஷினை மாட்டவே விடவில்லையாம்.

ஜூன் 13, வியாழன்

இன்று கருவிக்கு மின்சாரம் கொடுக்காமல், வெறும் பொருளாக மேசையில் வைத்தேன். பொம்மைக் கரடிக்கு மாட்டினோம். எனக்கு மாட்டினோம். ஒரு மணி நேரம் கழித்து அவளே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். டிசம்பர் மேப்போடு அனுப்பினேன். ஒன்றும் ஏற்றவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

அரிசி மாவு அரைத்தேன். ஜீவாக்கா மண்டபத்திலிருந்து படங்கள் அனுப்பினாள். நெட் சரியில்லை, இறங்கவில்லை என்று பதில் போட்டேன்.

ஜூன் 24, திங்கள்

கணினியில் இப்போது மூன்று கணக்குகள். டாக்டருக்கு ஒன்று, ஜீவாக்காவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. கோப்புகள் மூன்று பேருக்கும் பொதுவான ஒரு குழுவின் பெயரில். சாவியின் நகலைப் பென்டிரைவில் எடுத்து டாக்டரின் பீரோவில் வைத்தாயிற்று. ஜீவாக்காவுக்கு அவளுடைய பாஸ்வேர்டு இரண்டு முறை மறந்துவிட்டது. "குமரவேலு இருந்தப்ப இந்தத் தொந்தரவே இல்ல" என்றாள், என்னைப் பார்க்காமல்.

மிருதுளா: எல்லா மின்முனைகளிலும் இரண்டு. கண் பார்த்து.

ஜூலை 4, வியாழன்

இரண்டு. அழவில்லை.

ஜூலை 13, சனி

இரண்டு. கட்டையைப் போடுவதற்கு முன்னால் என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். சத்தத்தை மட்டும் பார்க்கிறாள். சத்தத்தைப் பார்ப்பது என்று எழுதிவிட்டேன். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

எட்டாவது மேப்பிங். இதற்கு மேல் ஏற்ற வேண்டியதில்லை. மே மாதத்தில் எங்கே இருந்தாளோ அங்கேயா என்று எனக்குத் தெரியாது, ஒப்பிட ஒன்றும் இல்லை. அவளுக்குப் போதும் என்கிற இடத்துக்கு வந்திருக்கிறாள்.

கோகிலவாணி இந்த இரண்டு மாதத்தில் கத்திப் பேசியே பழகிவிட்டாள். இன்றும் "மிருதூ, செருப்பப் போடு" என்று அறை அதிரக் கத்தினாள். மிருதுளா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, "கத்தாத" என்றாள். அந்தச் சொல்லை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கோகிலவாணி என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, செருப்பைத் தானே மாட்டிவிட்டாள்.

வாசலில் பள்ளிக்கூடம் எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"போறாளுங்க" என்றாள்.

மிருதுளா இந்த வருடமும் எல்கேஜியில்தான் இருக்கிறாள்.